தவளை வாலும் முதலைப் பல்லும்

கிட்ட வந்து உட்காருங்கள், பிள்ளைகளா. இன்னும் கிட்ட. கதை நடுவில் ஒரு இடம் வரும். அங்கே பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும்.

அந்தக் காலத்தில், மீனும் நண்டும் வாய்விட்டுப் பேசிய காலத்தில், தவளைக்கு வால் இருந்தது. தண்ணீரில் இறங்கினால் பட்டுத் துணி மாதிரி நெளியும். போகிற வழியெல்லாம் தவளை அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகும்.

அந்தக் குளத்துக்கு ராசா முதலை. காவலுக்கு நண்டு.

ஒரு நாள் காலையில் குளமே அதிர முதலை கத்தியது: "என் முன்பல்லைக் காணோம்! எவனோ திருடிட்டான்!"

முதலை வாய்க்குள் கையை விட எவனுக்குத் தைரியம் வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நண்டு போய், கரையில் வாலை அழகு பார்த்துக்கொண்டிருந்த தவளையைப் பிடித்துவந்தது. முதலில் அகப்பட்டது அதுதான்.

"நான் எடுக்கலை, ஏட்டையா!"

"எடுக்காதவன் ஏன்டா நடுங்குறே?"

"உங்க கொடுக்கு என் கழுத்துல இருக்குதே!"

நண்டு அதைச் சுடுபாறை மேல் உட்கார வைத்தது. வெயில் ஏற ஏறத் தவளைக்குத் தோல் வறண்டது, மூச்சு முட்டியது. நண்டு காதோரம் குனிந்து தேன் மாதிரிச் சொன்னது: "நான்தான் எடுத்தேன்னு ஒரு வார்த்தை ஒத்துக்கோ. விட்டுடறேன். போய்த் தண்ணியில குதி."

தண்ணீர் என்று கேட்டதும் தவளை சொல்லிவிட்டது. "ஆமாம். நான்தான்."

"எங்கே ஒளிச்சு வெச்சே?"

எடுக்காத பல்லுக்கு எந்த இடத்தைச் சொல்வது? "ஆமை அத்தை ஓட்டுக்குள்ள" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னது.

"ஒத்துக்கிட்டான், ராசா!" என்றது நண்டு. அடுத்துக் கேட்டது கொடுக்கு மூடிய சத்தம்தான்.

நறுக்.

வால் பாறை மேல் கிடந்து துடித்தது. தவளைக்கு வலிகூடத் தெரியவில்லை. "விட்டுடறேன்னு சொன்னீங்களே" என்றது.

"விட்டுட்டேனே. போ."



பிறகு ஆமையை இழுத்துவந்தார்கள். "பல்லை எடுத்ததை நீயே ஒத்துக்கோ. இல்லேன்னா ஓட்டை உடைச்சுப் பார்ப்பேன்" என்றது முதலை.

ஆமை துடிக்கிற வாலைப் பார்த்தது. "ராசா, இந்தக் குளம் முதன்முதலா நிறைஞ்ச அன்னிக்கு எல்லாரும் கூடி விதி போட்டோமே, ஞாபகம் இருக்கா? குத்தம் சொல்றவங்கதான் சாட்சி காட்டணும். பிடிபட்டவங்களை அவங்க வாயாலேயே மாட்டிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஈரக் களிமண்ணுல எல்லாரும் காலைப் பதிச்சோம். அதுல பெரிய கால் உங்களோடதுதான்."

கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற இந்த விதி நம் நாட்டு அரசியல் சாசனத்திலும் இருக்கிறது, பிள்ளைகளா. உங்களுக்கும் எனக்கும் சேர்த்துத்தான்.

"அதனால நான் பேசப்போறதில்லை" என்று ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. அதுவரை எந்த ஆமையும் அப்படிச் செய்ததில்லை.

நண்டு தட்டியது, சுரண்டியது. ஓடு ஓடாகவே இருந்தது. முதலை ஆத்திரத்தோடு ஆமைமேல் கவிழ்ந்து, தாடை கிழியக் கத்தியது: "வாயைத் திற!"

திறந்தது முதலையின் வாய்தான். உள்ளேயிருந்து என்னவோ ஆமை ஓட்டின் மேல் விழுந்தது. டக்.

பல்!

முதலைக்கு நாக்கு கீழ்த்தாடையோடு ஒட்டியிருக்கும். துழாவிப் பார்க்க வராது. ஆட்டம் கண்ட பல் கழன்று, ஈறோரமே செருகிக் கிடந்திருக்கிறது.

நண்டு விரித்த கொடுக்கோடு அப்படியே நின்றுவிட்டது. "அப்போ... இவன் எதை ஒத்துக்கிட்டான்?"

"அப்போ என் வால்?" என்றது தவளை.

வெட்டிய வாலை ஒட்டவைக்க எந்த ராசாவாலும் ஆகாது. இன்றைக்கும் பாருங்கள், தலைப்பிரட்டைக்கு வால் இருக்கும். வாயைத் திறந்து கத்துகிற வயசு வந்ததும் இருக்காது.

ஆமை தலையை வெளியே நீட்டியது. பல்லைப் பார்த்தது. தவளையைப் பார்த்தது. முதலையிடம் மெதுவாகக் கேட்டது: "பல்லை ஒளிச்சு வெச்சது யாரு, ராசா?"

முதலை வாயைத் திறந்தது. மூடியது.

"வேண்டாம் ராசா, சொல்ல வேண்டாம். அந்த உரிமை உங்களுக்கும் உண்டு."

சொல்லிவிட்டு ஆமை மறுபடியும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அன்று முதல்தான், யாராவது விரலை நீட்டிக்கொண்டு வந்தால் ஆமை அதையே செய்கிறது.