மூன்று குரலில் கூவிய கரிச்சான்

காட்டுக் குளத்தில் தண்ணீர் குடிக்க ஒரு வழக்கம் இருந்தது. பாறைமேல் மயில் அகவ வேண்டும். மர உச்சியிலிருந்து மந்தி குரல் கொடுக்க வேண்டும். கரையிலிருந்து ஆள்காட்டிக் குருவி கத்த வேண்டும். "சிறுத்தை இல்லை" என்று மூன்றும் சொன்ன பிறகுதான் மற்ற விலங்குகள் தலை குனியும்.

ஒருநாள் கரிச்சான் குருவி வந்தது. யார் குரலிலும் அப்படியே கூவ அதற்குத் தெரியும்.

"மயிலண்ணே, வெயில்ல ஏன் காயிறீங்க? உங்களுக்கும் சேர்த்து நானே கூவிடுறேன். கூலியே வேண்டாம்."

மயில் நிழலுக்குப் போனது. மந்தி பழம் தேடிப் போனது. ஆள்காட்டி மட்டும் அசையவில்லை.

"மூணு பேர் பார்த்த இடத்தை இவன் ஒருத்தன் பார்ப்பானா?" என்று கேட்டது.

புள்ளிமான் முகம் சுளித்தது. அதன் காலடியில் புதிதாய்ப் பிறந்த குட்டி. "உன் கத்தல்ல என் பிள்ளை தூங்க மாட்டேங்குது. கரிச்சான் எவ்வளவு இதமா சொல்றான்! நீ கிளம்பு தாயி."

ஆள்காட்டி பறந்து போனது. எதிர்த்துக் கேட்பவர் போய்விட்டால் கூட்டத்துக்கு எப்போதும் நிம்மதிதான்.

சிறுத்தை புல்லில் நடந்தால் பூச்சிகள் கிளம்பும். அவைதான் கரிச்சானுக்கு இரை. அதனால் சிறுத்தை வருவது அதற்கு நல்ல சேதி. இதை யாரும் யோசிக்கவில்லை.

ஒரு மாலை, பனி மூட்டத்தில் மான் குட்டியோடு வந்தது. பாறையில் மயிலின் குரல். பாறை வெறுமையாக இருந்தது. உச்சியில் மந்தியின் குரல். கிளை ஆடவில்லை. கரையில் ஆள்காட்டியின் குரல். சேற்றில் ஒரு கால்தடமும் இல்லை.

மான் காதை நிமிர்த்தியது. "யார் அங்கே?"

"நாங்க மூணு பேரும்தான்" என்றது ஒரே அலகு.

புல்லிலிருந்து பூச்சிகள் கிளம்பின. குட்டியைக் கூப்பிட மான் வாய் திறந்தது. அதற்குள், மானின் குரலே கிளையிலிருந்து கேட்டது.

"குடி கண்ணு. அம்மா இங்கேதான் இருக்கேன்."

குட்டி தலை குனிந்தது. புல் ஒருமுறை அசைந்து நின்றது.

இப்போதும் மாலையானால் அந்தக் குளத்தில் "அம்மா" என்று ஒரு குட்டி கூப்பிடுகிறது. ஒவ்வொரு முறையும் அந்த மான் ஓடி வந்து பார்க்கிறது. கிளையில் கரிச்சான் மட்டும் இருக்கிறது.

காடானாலும் கைபேசியானாலும், பேசும் வழிகளையெல்லாம் ஒரே முதலாளியிடம் ஒப்படைத்தவர்களுக்கு, ஆபத்து வரும்போது சொந்தக் குரல்கூட மிஞ்சாது.