வெற்றிலை மெல்லும் நேரம்

முன்னொரு காலத்தில் செங்காட்டு நாட்டை இடும்பராஜா என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், பொறுமைதான் மருந்துக்கும் கிடையாது. வழக்கென்று வந்தால் வாயில் வெற்றிலையைப் போடுவான். மென்று துப்புவதற்குள் பிரதிவாதி வந்து வாய் திறக்க வேண்டும். இல்லையா, வழக்குத் தோற்றது! இப்படியும் ஒரு நீதியா என்று கேட்க எவனுக்குத் துணிச்சல்?

அந்த ஊரில் ஒரு வணிகர் முத்திரை வில்லை கொடுத்துவந்தார். எந்தக் கடையிலும் வில்லையைக் காட்டிச் சாமான் வாங்கலாம், காசைப் பிறகு அவரிடம் கட்டலாம். கையில் காசு எண்ணாவிட்டால் செலவு உறைக்குமா? செக்காட்டும் சுடலையும் வாங்கினான், அவன் அண்ணன் பேச்சிமுத்துவும் வாங்கினான். ஒரு மழை பொய்த்தது, இருவராலும் கட்ட முடியவில்லை. வணிகரும் நொடித்துப்போய், வராத பாக்கியையெல்லாம் அடிமாட்டு விலைக்கு வரதுங்கரிடம் தள்ளிவிட்டார். வரதுங்கர் அரசவைப் பிரமுகர். மந்திரி அம்பலவாணரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். வட்டிக்கு வட்டி போட்டு, ஒன்றைப் பத்தாக்கி வழக்குப் போட்டார்.

முதல் ஓலை அண்ணனுக்கு வந்தது.

"சபையில போய் நின்னா மானம் போயிரும்ணே. பேசாம இரு, தானா அடங்கிரும்" என்றான் சுடலை.

அண்ணன் போகவில்லை. ராஜா வெற்றிலையைத் துப்பினான். வீடு போயிற்று. அண்ணனும் அண்ணியும் உப்பளத்துக் கூலிக்குப் போனார்கள். பாவி, நான்தானே அவன் வாயைக் கட்டினேன் என்று சுடலை தலையில் அடித்துக்கொள்ளாத நாளில்லை.

அடுத்த ஓலை அவனுக்கே வந்தது. செக்கும் வீடும் போய்விடும். மந்திரி வீட்டு வாசலில் போய் விழுந்தான்.

"வாங்கினது நெசம் சாமி. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்?"

"அந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுதான் வரணும்" என்றார் அம்பலவாணர். "மூஞ்சியைக் காட்டாதவன்தான்பா அங்கே தோக்கிறான். கூட்டத்துல நில்லு. நான் கண் காட்டினதும் உள்ளதைப் பேசு."

மறுநாள் சபை கூடியது. ராஜா வெற்றிலையைப் போட்டான். பிரதிவாதி நிற்கும் இடத்தில் ஒருவன் தலை குனிந்து நின்றான்.

"வரதுங்கரே, கடன்காரனை உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டார் மந்திரி.

"தெரியுமாவா? இதோ நிக்கிறானே, இவனேதான்! என் கையாலேயே வில்லை கொடுத்தேன். பல்லை இளிச்சுக்கிட்டு வாங்கினான். சத்தியம்!"

மந்திரி கண் காட்டினார். சுடலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"மகாராஜா, நான்தான் சுடலை. கடன் பட்டேன், இல்லேங்கல. ஆனா இவரை இன்னிக்குத்தான் பாக்கேன். இவரு யாரு சாமி? எனக்கு இவரு என்ன கொடுத்தாரு?"

"அப்போ இவன் யார்?" என்றான் ராஜா.

"போன மாசம் வந்த நம்ம புது யானைப்பாகன் மகாராஜா" என்றார் மந்திரி.

ராஜா வெற்றிலையை அப்படியே விழுங்கிவிட்டான்! இருமித் தீர்த்துவிட்டுச் சிரித்தான் பாருங்கள், சபையே குலுங்கியது.

"பொய்ச் சத்தியமா பண்றீர்? வழக்குத் தள்ளுபடி. இனி என் எச்சில் படிக்கத்தை நீர்தான் தூக்கணும். பேசாததாலேயே தோத்தவங்க வீட்டையெல்லாம் திருப்பிக் கொடும்!"

மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. சுடலை பட்ட கடனில் அசலை மட்டும் அந்த வணிகருக்கே தவணையில் கட்டச் சொன்னான் ராஜா.

சுடலை உப்பளத்துக்கு ஓடினான். அண்ணன் மட்டும் நின்றான், கால் முழுக்க உப்புப் புண். அண்ணி தை மாசமே காய்ச்சலில் போய்விட்டாளாம்.

"வீடு திரும்பி வந்துட்டுண்ணே."

"எப்படிடா?"

"சபைக்குப் போனேன். இவரு யாருன்னு கேட்டேன்."

"வேற என்ன கேட்ட?"

"வேற ஒண்ணும் கேக்கலண்ணே."

பேச்சிமுத்து குனிந்து தன் கால் புண்ணைப் பார்த்தான்.

"அவ்வளவுதானாடா?" என்றான்.

செங்காட்டு நாட்டுக் கதை இதுதான். ராஜா அதற்குப் பிறகு வழக்கு கேட்கும்போது வெற்றிலை போட்டதே இல்லை.