"அது தெளிவு" என்ற அணில்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் என் இளைய மகள் செசிலி. கணிதத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். போன தவக்காலத்தில் வீட்டுக்கு வந்தவள், சோற்றைப் பிசைந்தபடியே சலிப்போடு சொன்னாள். நீங்களும் கேளுங்கள், பிள்ளைகளே.

ஒரு காட்டில் ஒரு கணக்குப் பள்ளி இருந்தது. "நான் பார்த்தேன்" என்று சொன்னால் அங்கே செல்லாது. ஏன் அது அப்படித்தான் இருக்கும் என்று ஒவ்வோர் அடியாக நிறுவிக் காட்ட வேண்டும். ஆண்டுதோறும் மதிப்பாய்வு உண்டு. மூன்றாம் ஆண்டு வெளிக்காட்டிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார். தேறினால் மேல்கிளைக்கு ஏறிப் படிப்பை முடிக்கலாம். தவறினால் பள்ளியை விட்டே போக வேண்டியதுதான்.

அங்கே ஓர் அணில் படித்தது. துறுதுறுப்பானது, ஆனால் ரோஷக்காரி. அதற்குக் கொடுத்த கணக்கு இது: "மாமரத்திலிருந்து ஆற்றங்கரை மருதமரம் வரை, தரையில் கால் படாமலே போகலாம் என்று நிறுவு."

மாமரத்திலிருந்து வேம்பு, வேம்பிலிருந்து நாவல் என்று வழி வந்துவிட்டது. நாவலுக்கும் மருதத்துக்கும் நடுவே மட்டும் பெரிய இடைவெளி. அணில் அங்கேயே மாட்டிக்கொண்டது. ஆனால் மதிப்பாய்வில், "நாவலிலிருந்து மருதத்துக்குப் போவது தெளிவு" என்று சொல்லிவிட்டது.

வழிகாட்டியான ஆமை, "ஆமாம், தெளிவுதான்" என்று தலையை ஆட்டியது. பக்கத்தில் பாதித் தூக்கத்தில் இருந்த இன்னொரு தேர்வாளரான ஆந்தையும் ஆட்டியது. அடுத்த ஆண்டும் அதே தெளிவு, அதே தலையாட்டல்.

மூன்றாம் ஆண்டு வெளிக்காட்டு மந்தி வந்தது.

"இந்த இடம் எனக்குப் புரியலையே, கண்ணு."

"அது தெளிவு, அம்மா."

"யாருக்கு?"

அணில் ஆமையைப் பார்த்தது. ஆமை ஆந்தையைப் பார்த்தது. ஆந்தை கண்ணை மூடிக்கொண்டது.

"சரி, தெளிவுன்னா தாவு."

அணில் நாவலின் நுனிக்கிளைக்கு ஓடியது. கீழே பார்த்ததும் பின்வாங்கியது. திரும்பி வந்து விம்மியது. "எனக்குத் தெரியலை அம்மா. இத்தனை நாளா இதே இடத்துலதான் நிக்கிறேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று சீறியது ஆமை.

"நீங்கதான் தெளிவுன்னீங்களே, ஐயா!"

"நீதானே முதல்ல சொன்னே! உனக்குப் புரிஞ்சது எனக்குப் புரியலைன்னா, என் முதுகு ஓட்டுக்கு என்ன மரியாதை?"

மந்தி ஆந்தையின் பக்கம் திரும்பியது. "நீங்க ஏன் தலையை ஆட்டினீங்க?"

"எனக்கு இறக்கை இருக்கு. எந்த இடைவெளியும் எனக்குத் தெளிவுதான்."

மந்தி தலையில் அடித்துக்கொண்டது. "கடவுளே! இதைக் கேக்கவா காடு காடா தாண்டி வந்தேன்?"

ஆமை மெல்லக் கழுத்தை நீட்டியது. "நாவலோட அடிக்கிளையிலிருந்து மருதத்துக்கு ஒரு சீந்தில்கொடி போகுது. மேலேயிருந்து பார்த்தா இலை மறைக்கும். நான் தினமும் அதுக்குக் கீழதான் படுக்கிறேன். கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

அணில் ஓடிப்போய்ப் பார்த்தது. கொடி இருந்தது!

"அப்புறம் என்ன, மீதியெல்லாம் தெளிவு" என்றது ஆமை.

மந்தி தன் வாலைப் பிய்த்துக்கொள்ளாத குறைதான்.

அணில் தயங்கியது. "இல்லைங்க ஐயா. மழைக்காலத்துல அந்தக் கொடி தாங்குமான்னு எனக்குத் தெரியலை."

அப்போதுதான் மந்தியின் முகம் மலர்ந்தது. "இவளை மேல்கிளைக்கு ஏத்துங்க. இன்னைக்குத்தான் படிக்க ஆரம்பிச்சிருக்கா."

நீதி: தெரியாததைத் தெரியும் என்பவரும், புரியாமல் தலையாட்டுபவரும் ஒரே பள்ளத்தில்தான் நிற்கிறார்கள்.

வருகிற மாதம் எங்கள் செசிலிக்கும் மதிப்பாய்வு. அவளுக்காக ஒரு சின்ன ஜெபம் சொல்லுங்கள், பிள்ளைகளே.