சுண்ணாம்புக் குழியில் வெள்ளச்சி

கடற்கரை ஊர் ஒன்றில் கோயிலுக்குப் புது மண்டபம் எழும்பிக்கொண்டிருந்த காலம். சுவர்ப் பூச்சுக்குச் சுண்ணாம்பாக்க, சூளையில் சுட்ட கிளிஞ்சல்கள் ஒரு வண்டி நிறைய வந்து இறங்கின. அவற்றில் ஒருத்தி வெள்ளச்சி. சூளையின் நட்டநடுவில் கிடந்து, மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடுதலாக வெந்தவள். அந்தப் பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"நான் சாமிக்கு முன்னால இருக்கிற விளக்கு மாடத்துக்குத்தான் போவேன். அதுவும் இன்னிக்கே போவேன்," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மேஸ்திரி காத்தமுத்து அதைக் காதில் வாங்கவில்லை. எல்லாரையும் ஒரு குழியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். "ஒரு மண்டலம் ஊறட்டும். நாப்பத்தெட்டு நாளைக்கு யாரும் கை வைக்கப்படாது."

தண்ணீர் உள்ளே நுழைந்ததும் மற்றக் கிளிஞ்சல்கள் கத்தின, கொதித்தன, புகைந்தன, கடைசியில் சிரித்துக்கொண்டே குழைந்துபோயின. வெள்ளச்சி மட்டும் மூலையில் உடம்பை இறுக்கிக்கொண்டு கிடந்தாள்.

"உள்ள வரட்டுமா?" என்றது தண்ணீர்.

"எதுக்கு? நான் பாக்காத நெருப்பா? இனிமே எனக்குத் தெரிய என்ன இருக்கு?"

"நெருப்பு உன்னைச் சுட்டுச்சு, சரி. சுவத்துல ஒட்டிக்கக் கத்துக் குடுத்துச்சா?"

"அதெல்லாம் போனா தானா வரும்."

"வராதுடி. உள்ள காஞ்சு கிடந்தேன்னா, மழைக்காலத்து ஈரம் பட்டதும் சுவத்துலயே கொதிப்பே. பூச்சு வெடிச்சு, பக்கத்துல இருக்கிறவங்களையும் இழுத்துக்கிட்டு விழுவே."

"நல்ல வாய் உனக்கு! போ அந்தப் பக்கம்."

வெள்ளச்சி அக்கம்பக்கத்தில் குழைந்து கிடந்த சுண்ணாம்புக் குழம்பை எடுத்து மேலெல்லாம் பூசிக்கொண்டாள். பார்த்தால் அவளும் குழைந்தவள் போலத்தான் இருந்தாள். லீவுக்கு நாள் எண்ணும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நாற்பத்தெட்டையும் எண்ணித் தீர்த்தாள்.

கடைசி நாளன்று சித்தாள் பூவாயி மண்வெட்டியோடு வந்தாள்.

"கட்டி இருந்தா எடுத்து ரோட்டுல வீசிடு, பூவாயி. ஒண்ணு தப்பினாலும் சுவரு போச்சு," என்றார் மேஸ்திரி.

வெள்ளச்சி மேலே பூசியிருந்த குழம்பை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள். பூவாயியின் விரல்கள் அவள்மேல் வழுக்கிக்கொண்டு போயின. தப்பித்தாள்! மண்வெட்டியில் ஏறியும்விட்டாள். வெளிச்சத்தில் கண் கூசியது.

அப்போது பக்கத்தில் குழைந்து கிடந்த சிநேகிதி சொன்னாள்: "வெள்ளச்சி, என்னை நல்லா இறுக்கிப் புடிச்சுக்க. சுவத்துலயும் நாம ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துலதான்."

பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளச்சி சுவரில் வெடித்தால் முதலில் விழப்போகிறவளே அவள்தான். அந்த நம்பிக்கையைத்தான் வெள்ளச்சியால் தாங்க முடியவில்லை. மண்வெட்டியின் விளிம்புக்கு நகர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு உருண்டாள். தொபுக்கென்று குழிக்குள் விழுந்தாள்.

"என்னடி, மறந்து வச்சதை எடுக்க வந்தியா?" என்றது தண்ணீர்.

"பேசாத. உள்ள வா," என்றாள் வெள்ளச்சி.

அப்படி ஒரு கொதி! பூவாயி இரண்டடி பின்னால் துள்ளினாள். "யப்பாடி! நாப்பத்தெட்டு நாளு கழிச்சா கொதிக்கும்?"

மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார். "அடியில ஒரு பிடிவாதக்காரி இருந்திருக்கா. விட்டுரு, அவளுக்கு இன்னொரு மண்டலம்."

மேலே மண்டபச் சுவர் அவள் இல்லாமலே முடிந்தது. பூச்சுக் கரண்டிகள் தேய்க்கும் சத்தம் குழிவரை கேட்டது. முதல் சில நாள் வெள்ளச்சி வாய்விட்டே அழுதாள். பிறகு தண்ணீரோடு பேசத் தொடங்கினாள். அது ஆறாய் ஓடியதையும் ஆவியாய்ப் போனதையும் சொல்லச் சொல்லக் கேட்டாள். சில சமயம் இவள் கடலடியில் கிடந்த கதையைச் சொன்னாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. நாள் எண்ணுவது எப்போது நின்றதென்று அவளுக்கே தெரியாது.

ஒரு நாள் காலையில் காத்தமுத்து குழியின் அடியில் கையை விட்டு, ஒரு துளி எடுத்து இரு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "வெண்ணெய் தோத்துது போ! பூவாயி, பாக்கி இருக்கிற விளக்கு மாடத்துக்கு இதை எடு."

கரண்டி உள்ளே இறங்கியது.

"வெள்ளச்சி, உன்னைத்தான் கூப்பிடுறாங்க," என்றது தண்ணீர்.

"கொஞ்சம் இருக்கச் சொல்லு," என்றாள் வெள்ளச்சி. "நீ மேகமா இருந்தப்போ மலையில இடிச்சுக்கிட்டியே, அப்புறம் என்ன ஆச்சு?"