அக்காவுக்குப் போன அருவி

“எவனோ ஒரு படுபாவி என் அக்காவை ஏமாத்திட்டான், அம்மா.”

சொன்னவர் சடையாண்டி. தேங்காய் மண்டியில் தொண்டை கிழியப் பேரம் பேசியே ஆளானவர். அறுபதைத் தாண்டி அருவிக்கரைக் குடிலுக்குச் சீடராக வந்து சேர்ந்தார். குரு வாரிஜாவுக்கு அவர் மகள் வயது. இவர்தான் மண்டியை விட்டாரே தவிர, மண்டி இவரை விடவில்லை.

பனிமூட்டம் குடிலுக்குள்ளேயே புகுந்திருந்தது. பாயும் பானையும் அதில் மிதப்பது போலிருந்தன.

“யார் என்ன செய்தார்கள்?” என்றாள் வாரிஜா.

“கண்ணும் போய்ப் படுத்த படுக்கையா கிடக்கிறா. இந்த அருவிச் சத்தத்தை ஒருதரம் கேட்கணும்னா. விடியலிலிருந்து அந்தி வரைக்கும் பிடிச்சு, மெமரி கார்டில் போட்டு அனுப்பினேன். அவளோட பழைய பாட்டுப்பெட்டி கார்டே இல்லைங்குது. ஊமைப் பெட்டியைக் காதோரம் வெச்சுக்கிட்டே தூங்குறாளாம்.”

“கார்டை எதில் ஃபார்மேட் செய்தீர்கள்?”

“எக்ஸ்ஃபேட், கார்டில் பதிவை அடுக்குற புது முறை. அந்தப் பழைய ஃபேட் முப்பத்திரண்டில் பெரிய பதிவு ஒரே துண்டா நிக்காது. அறுத்து அறுத்துத்தான் போடணும். அருவியை அறுக்கலாமா? நீங்களே சொல்லுங்க, ரெண்டில் எது உசத்தி?”

வாரிஜா கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினாள். துளுப் பாட்டு, அவள் பிறந்த வீட்டு மொழி. எங்கே மூச்சு வாங்குகிறாள் என்றே தெரியவில்லை. பாட்டு பனியோடு கலந்தது, பனி அருவியோடு கலந்தது. தான் உட்கார்ந்திருக்கிறோமா, மிதக்கிறோமா என்று சடையாண்டிக்கே சந்தேகம் வந்தபோது பாட்டு நின்றது.

“பதில் சொல்லிவிட்டேன்,” என்றாள்.

“நல்லா சொன்னீங்க போங்க. ஒரு எழுத்து புரியலை.”

“ஓரிடத்திலும் அறுபடவில்லையே.”

“அறுபடாம இருந்து யாருக்குப் புண்ணியம்? எனக்குத் தெரிஞ்ச பேச்சில் துண்டு துண்டா சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனே, தாயி...”

வாய் பாதியில் நின்றது. அக்காவின் பெட்டிக்குத் தெரிந்த பேச்சு அந்தப் பழைய ஃபேட் முப்பத்திரண்டு மட்டும்தான்.

“இருந்தாலும் கார்டு வித்தவன் கேட்டிருக்கணும்,” என்று முனகினார். “எந்தப் பெட்டிக்குன்னு ஒரு வார்த்தை...”

அவள் சிரித்தாள்.

“அந்தப் படுபாவியை நான் திட்டப்போவதில்லை, சடையாண்டி. பால்வண்டி மலை இறங்குவதற்குள் எழுந்திருக்கச் சொல்லுங்கள். இன்னொரு கார்டை எடுத்து, அருவியை அந்தப் பெட்டி விழுங்குகிற அளவுக்கு அறுத்து, இப்போதாவது அவளுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.”