தார் ரோட்டைப் பிளந்தவன் யார்?

மருதங்குடி சமஸ்தானத்து ராஜா வீரகேசரிக்கு மோட்டார் கார் மேல் ஆசை வந்தது. கார் வந்தது. கார் ஓடத் தார் ரோடும் வந்தது. அரண்மனை வாசலிலிருந்து ஆற்றுப்பாலம் வரை கன்னங்கரேலென்று ஒரே வழுவழுப்பு. போட்டவர் மூக்கையா மேஸ்திரி.

மழைக்காலம் வந்ததும் ரோடு ஓரிடத்தில் விரிசல் விட்டது. சரியாகத் திவான் நாகலிங்கத்தின் பங்களா எதிரில், முதலை முதுகு மாதிரி கட்டம் கட்டமாக. மூக்கையா விரிசலைக் கூட்டிச் சுத்தம் செய்து, சுடச்சுடத் தார் ஊற்றி, மணல் தூவி அடைத்தார். பத்தே நாளில் மறுபடியும் வாய் பிளந்தது. அந்த வழியாகப் போன ராஜாவின் கார் குதித்த குதியில் அவர் தலைப்பாகை மடியில் வந்து விழுந்தது.

சபையில் ராஜா கொதித்தார்.

"மேஸ்திரி தாரில் கலப்படம் செய்துவிட்டான், மகாராஜா. குடும்பத்தோடு ஊரைவிட்டுத் துரத்துங்கள்" என்றார் திவான்.

மூக்கையா ஓடிவந்து கும்பிட்டார். "சாமி, பாலம் வரைக்கும் இதே தாருங்க. வேற எங்கயும் ஒரு கீறல் இல்லீங்களே!"

அதைக் கேட்டதும் அரசவை விகடகவி ஏகாம்பரம் எழுந்தார்.

"மகாராஜா, ரோட்டைப் பிளந்தவனை நாளை மதியத்துக்குள் கட்டி இழுத்து வருகிறேன்."

"வராவிட்டால்?"

"மூக்கையாவோடு நானும் மூட்டை கட்டுகிறேன்."

மறுநாள் மதியம் ஏகாம்பரம் வந்தார். இடுப்பில் ஒரு குடம். குடத்தின் கழுத்தில் கயிறு.

"குற்றவாளி எங்கே?"

"இதோ, மகாராஜா. தண்ணீர்! ரோட்டுக்கு அடியில் புகுந்து மண்ணைக் குழைத்துவிட்டது. மேலே பாரவண்டி ஏறியதும் ரோடு நொறுங்கிவிட்டது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது."

திவான் சிரித்தார். "மழை ரோடு முழுக்கத்தானே ஐயா பெய்தது?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'நான் பாட்டுக்கு ஓரவாய்க்காலில் போய்க்கொண்டிருந்தேன். ஒருவர் வழியை மறித்தார். போக்கிடம் இல்லாமல் ரோட்டுக்கடியில் ஒதுங்கினேன்' என்கிறது."

"யாராம் அவர்?" ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பேர் தெரியாதாம். அவிழ்த்துவிட்டால் வீட்டைக் காட்டுமாம்."

திவானின் முகம் வெளுத்தது. ராஜா அப்போதே காரில் ஏறினார். சபையே பின்னால் ஓடியது.

விரிசலுக்குச் சற்று மேலே, ஓரவாய்க்காலில் ஏகாம்பரம் குடத்தைக் கவிழ்த்தார். ஏற்கெனவே ஈரமாயிருந்த வாய்க்காலில் தண்ணீர் குடுகுடுவென்று ஓடியது. ஒரு புதுச் சுவரில் போய் முட்டியது. திரும்பி ரோட்டுக்கடியில் மெல்ல நுழைந்தது. வாய்க்காலை மூடி அந்தச் சுவரை எழுப்பியிருந்தவர் திவான்தான். உள்ளே அவருடைய ரோஜாத் தோட்டம்.

"மகாராஜா! இந்த ஆள் உங்களுக்கே தண்ணி காட்டுகிறான்!" என்று கத்தினார் திவான்.

ஏகாம்பரம் கைகட்டி நின்றார். "ஆமாம், மகாராஜா. நான் தண்ணீரைக் காட்டினேன். தண்ணீர் திவானைக் காட்டியது."

ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை மறுபடியும் கழன்றது. சுவரைத் திவான் தம் கையாலேயே இடித்தார். ஈர மண்ணை அள்ளி, ஜல்லி போட்டு இடித்து, மூக்கையா புதுத் தார் போட்டார். ஏகாம்பரத்துக்கு ஒரு பட்டுச் சால்வையும், பாலம் வரை ராஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கார் சவாரியும் கிடைத்தன.