செண்பகம் கட்டப்போகிற பாத்ரூம்

ஊருக்கு மேற்கே, தீப்பெட்டி ஆபீஸ்களைத் தாண்டி ஒரு மடம் இருந்தது. பெரிய மடம் என்று சொல்ல முடியாது. ஒரு கூடம், ஒரு கிணறு, ஒரு சாமி. அவ்வளவுதான்.

அந்தச் சாமிக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. சீடர்கள் எல்லாரும் அவரைவிட மூத்தவர்கள். பேரன் எடுத்தவர்களும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிட்டார்கள்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு சீடர் வீட்டில் சாமிக்குச் சாப்பாடு. போனதும் இலையில் உட்கார்ந்துவிட மாட்டார். அந்த வீட்டில் குளித்துவிட்டுத்தான் சாப்பிடுவார். குளிக்கிறவரை பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாது. மொத்தம் எட்டு வீடு. முறை வைத்துப் போய்க்கொண்டிருந்தது.

செண்பகத்துக்கு இதுவரை ஐந்து தடவை முறை வந்துவிட்டது. ஐந்து தடவையும் தள்ளிவிட்டாள்.

"பாத்ரூம் வேலை பாக்கணும் சாமி. அது முடியட்டும்."

ஆறாவது தடவையும் அதையே சொன்னாள். டீக்கடை உலகநாதனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மதினி, நீங்க பாத்ரூம் கட்டி முடிக்கிறதுக்குள்ள சாமி முக்தி அடைஞ்சிருவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். சாமியும் சிரித்தார். செண்பகமும் சிரித்துவைத்தாள்.

"இந்தப் பௌர்ணமிக்கும் நான் எடுத்துக்கிடுதேன் சாமி. நம்ம வீட்டுக்கு வந்துருங்க" என்றார் உலகநாதன்.

சாமி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எல்லாரும் போன பிறகு செண்பகம் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கம்மா."

"கட்டி முடிச்சா… வருவாங்களா?"

சாமி அவளைப் பார்த்தார். பிறகு கிணற்றடிக்குப் போய்விட்டார். காதில் விழவில்லை போல என்று நினைத்துக்கொண்டு செண்பகம் வீட்டுக்கு நடந்தாள்.

அவள் கேட்டது அவளுடைய மகனைப் பற்றி. கதிரேசன் புனேயில் வேலை பார்க்கிறான். நாலு வருஷத்துக்கு முன்னால் பொண்டாட்டி பிள்ளையோடு வந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் தங்கினான். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்கள். பேத்திப் பிள்ளை ஒன்றுக்குப் போகணும் என்று சொல்ல வெட்கப்பட்டு, லாட்ஜ் போய்ச் சேருகிறவரை காலை மாற்றி மாற்றி நின்றது.

அதற்குப் பிறகு போன்தான். "பாத்ரூம் ஒண்ணு சரி பண்ணும்மா. அப்புறம் வந்து பத்து நாள் இருக்கோம். பணம் அனுப்பட்டா?"

"வேண்டாம்யா. நானே கட்டுதேன்."

அவளாகக் கட்டிவைத்த இடத்துக்கு அவர்கள் வரவேண்டும். அதுதான் அவள் ஆசை.

சீட்டுப் போட்டாள். வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீஸில் ஓவர்டைம் பார்த்தாள். வெஸ்டர்ன் கோப்பையை முதலிலேயே வாங்கிவிட்டாள். அது அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. டைல்ஸ் பீரோவுக்குப் பின்னால். குழாய்கள் பழைய துண்டில் சுற்றி அரிசி டிரம் மேலே.

கொத்தனாரைக் கூப்பிடலாம் என்கிற அளவுக்குக் கையில் சேரும். அப்போது இன்னொன்று தோன்றும். அந்த ஊர் குளிராச்சே, மருமகளுக்குச் சுடுதண்ணி வேண்டாமா? கீசர் என்று நோட்டில் எழுதுவாள். திரும்பச் சேர்ப்பாள். பிறகு கண்ணாடிக் கதவு. பிறகு நோட்டுப் படத்தில் பாதிச் சுவர்வரை இருந்த டைல்ஸை உச்சிவரை ஆக்கினாள். நோட்டில் வேலை வளர்ந்துகொண்டே போனது.

அவள் குளிக்கிற இடம் கொல்லையில் இருந்தது. மூன்று பக்கம் கல், மேலே ஒரு ஷீட்டு, முன்னால் ஒரு பழைய சேலை. தண்ணீருக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி. தரையில் பாசி. போன தை மாசம் அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒரு வாரம் ஒற்றைக் கையால் துணி துவைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. ஒளிக்க வேண்டும் என்று இல்லை. கேட்க ஆள் இல்லை.

பௌர்ணமி அன்று காலையில் வாசலில் செருப்புச் சத்தம். சாமி நின்றார். தோளில் துண்டு.

"குளிக்க வந்திருக்கேம்மா."

செண்பகம் அவிழ்ந்த கொண்டையை அள்ளி முடிந்தபடி வாசலுக்கு வந்தாள்.

"சாமி… உலகநாதண்ணன் வீட்டுலல்லா இன்னைக்கு?"

"முறை உங்களதுதானே?"

"என் வீட்டுல வசதி இல்லையே சாமி. எதுத்த வீட்டுல நல்ல பாத்ரூம் இருக்கு. ஒரு வார்த்தை சொன்னா விடுவாங்க."

"அவங்க முறை இல்லையேம்மா."

"என்னுது வேலை முடியலையே."

"முடியட்டும். இருக்கேன்."

கொல்லைக்குப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

செண்பகம் பின்னாலேயே ஓடினாள். "சாமி, அது ரெண்டு வருஷம் ஆகும்!"

"சரிம்மா."

விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தாள். அப்படித் தெரியவில்லை.

வெயில் ஏறியது. மோர் கொண்டுபோனாள். சாமி தலையை ஆட்டி மறுத்தார். குளிக்கவில்லையே. தண்ணீராவது குடிக்கச் சொன்னாள். அதற்கும் அப்படியே. பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. சாமியின் உதடு காய்ந்துவிட்டது. உலகநாதன் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மதினி, சாமியக் காய வச்சு வத்தல் போடுதியளா?"

செண்பகம் உள்ளே போனாள். சும்மா நின்றாள். பிறகு தென்னந்துடைப்பத்தை எடுத்துவந்து கொல்லைத் தரையைத் தேய்க்க ஆரம்பித்தாள். பாசி பச்சைப் பச்சையாகப் பெயர்ந்து வந்தது. தொட்டியைக் கழுவினாள். தண்ணீர் இறைத்து நிரப்பினாள். முன்னால் மறைப்புக்குத் தொங்கிய பழைய சேலையை அவிழ்த்துவிட்டுத் துவைத்த சேலை ஒன்றைக் கட்டினாள்.

"சாமி… இவ்வளவுதான் முடியும்."

"போதும்மா" என்று எழுந்தார்.

அவர் குளிக்கிற நேரத்தில் உலை வைத்தாள். பழக்கத்தில் கை ஒரு ஆளுக்குத்தான் அரிசி அள்ளியது. சட்டென்று நின்று, இன்னும் இரண்டு பிடி அள்ளிப் போட்டாள். கொல்லையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. தன்னைத் தவிர இன்னொரு ஆள் அங்கே குளிக்கிற சத்தம். கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தபடி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாமி சாப்பிட்டார். கத்தரிக்காயை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். கை கழுவிவிட்டு வந்தவர், அரிசி டிரம் மேலே பென்சில் செருகிக் கிடந்த நோட்டைக் கண்டு, "அந்த நோட்டைக் காட்டுங்க" என்றார்.

செண்பகம் கூச்சத்தோடு நீட்டினாள். பென்சிலால் போட்ட படம். அளவெல்லாம் ஜாணிலும் முழத்திலும் இருந்தது.

"இது என்னம்மா?"

"வெஸ்டர்ன் சாமி. மகனுக்குக் குத்தவச்சு உக்கார முடியாது, முட்டி வலி."

"இது?"

"கீசர். மருமகளுக்கு."

"இங்க மூணு தடவை அழிச்சிருக்கே?"

"அது பேத்தி துண்டு போடுற கொக்கி. அவ வளந்துக்கிட்டே இருக்கா. நானும் ஏத்திக்கிட்டே இருக்கேன்."

சாமி இன்னொரு பக்கத்தைத் திருப்பினார்.

"கட்டி முடிச்ச பொறவு நீங்க எங்க குளிப்பீங்க?"

இது என்ன கேள்வி என்று செண்பகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நானா? நான் எப்பவும் போலக் கொல்லையிலதான் சாமி. எண்ணெய்க் கையோட அதுக்குள்ள போயி டைல்ஸைக் கறையாக்கவா? பூட்டித்தான் வச்சிருப்பேன். அவங்க வாறன்னைக்குத் தொறந்தாப் போதும்."

செண்பகம் முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். மடத்தில் கேட்டதைத் திரும்பவும் கேட்டாள்.

"வருவாங்களா சாமி?"

சாமி நோட்டை மூடி அவள் கையில் கொடுத்தார்.

"இந்த வீட்டுல இருக்கிறவங்களே இன்னும் உள்ள வரலையேம்மா."